அதே ரெண்டு டப்பா

"தம்பி, சோளமும் அதே ரெண்டு டப்பாதானா?"

"அதேதான் பாய்."

லாயத்தில் குதிரைக்குத் தீனி போடும் பாயும் நானும் போனில் பேசியது இவ்வளவுதான். பெங்களூரிலிருந்து ஓட்ஸ் மூட்டை வரவில்லை. மண்டித் தெருவில் மக்காச்சோளம் வாங்கி லாயத்துக்கு ஏற்றிவிட்டு, அடுத்த கல்யாண ஊர்வலத்துக்கு முன்பணம் எண்ணிக்கொண்டே பதில் சொன்னேன்.

அந்த டப்பா 2 லிட்டர் பிடிக்கும். ஓட்ஸ் போட்டால் 1 கிலோவைத் தொடாது, அதிலும் உமி நிறைய. மக்காச்சோளம் ஒன்றரை கிலோ நிற்கும், மாவுச்சத்தும் அதில் அதிகம். வேளைக்கு இரண்டு டப்பா என்றால் 3 கிலோ. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளைத் தானியம் 2 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தீனியை ஒரு வாரமாவது கலந்து கலந்துதான் மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். செரிக்காமல் மிஞ்சிய மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளிக்கும், அது குளம்பையும் தாக்கும். வாந்தி எடுத்துத் தப்பிக்கக் குதிரையால் முடியாது.

மூன்றாம் நாள் ராத்திரி பெட்டைக் குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, தரையைக் கீறியது, படுத்துப் புரண்டது. சாணமே இல்லை. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். விடியும்போது எழுந்து நின்றது. மறுநாள் முன்னங்கால் குளம்புகள் கொதித்தன. அதற்குப் பிறகு அது ஊர்வலம் போகவில்லை.

வலி வந்த அன்று சாயங்காலம் காட்பாடியில் மாப்பிள்ளை அழைப்பு. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் தண்ணீர் காட்டாமல் நிறுத்தியிருந்தார்கள். "தீனி மாறினதும் இருக்கலாம், தண்ணி குறைஞ்சதும் இருக்கலாம்" என்றார் டாக்டர். இரண்டாவதைத்தான் பல நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுவலிக்கு அது பொருந்தும். குளம்பு கொதித்ததற்கு?

பாய் மேலும் கோபம் வந்தது. நாற்பது வருஷம் கொள்ளு ஊறவைத்த கை. டப்பாவைத் தூக்கும்போதே கனம் தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும். அதனால்தான் போன் செய்திருக்கிறார். அதுவரை என்னிடம் அவர் அளவு கேட்டதே இல்லை.

கொள்ளை நிறுத்தி ஓட்ஸ் கொண்டுவந்தவன் நான். ஊறவைக்கும் வேலை இல்லை, நார் அதிகம், தானியங்களில் சாது. அது தப்பான முடிவு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் கொள்ளாக இருந்திருந்தால் பாய் யாரையும் கேட்டிருக்க மாட்டார். அவர் கை சொல்லியிருக்கும். ஒருவேளை அப்போதும் வெயிலும் தாகமும் அதைப் படுக்கவைத்திருக்கலாம்.

இப்போது லாயத்தில் தொங்கு தராசு மாட்டியிருக்கிறேன். எடை எழுதிய அட்டையும் உண்டு. பாய் நிறுத்துத்தான் போடுகிறார். தீனி மாறும் நாளில் போன் வருமா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வருவதில்லை.