கேம் வேகமாகத் திறக்க லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி தேர்ந்தெடுத்த கதை

என் லேப்டாப் 2018-இல் வாங்கியது. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 சிபியு, ஜிடிஎக்ஸ் 1050 கிராஃபிக்ஸ், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஆகியவை அதில் உள்ளன. கேம் ஓடத் தொடங்கிய பின் பெரிய குறை இல்லை; திறப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. விட்சர் 3 திறக்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், சிபியு பாதிக்கு மேல் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். அதே நேரத்தில் படிக்கும் வேகமோ விநாடிக்குச் சில எம்பிதான். அந்த டிஸ்க்கால் தொடர்ச்சியாக 100 எம்பிக்கு மேல் படிக்க முடியும் என்றாலும், ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 11 மில்லிவிநாடி ஆவதாலும், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளுக்காக அதன் முனை அங்குமிங்கும் நகர வேண்டியிருப்பதாலும், நேரமெல்லாம் தேடுவதிலேயே போய்விடுகிறது.

ஆகவே, சுழலும் பாகம் இல்லாமல் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். எந்த எஸ்எஸ்டி என்பதில்தான் குழப்பம். முதலில் லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் படித்தேன். ஹார்டு டிஸ்க் போக, எஸ்எஸ்டி பலகையைச் செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருப்பதும், அதில் 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட 2280 அளவு பொருந்தும் என்பதும், பிசிஐஇ 3.0 என்ற வேகமான இணைப்பில் ஓடும் என்விஎம்இ வகையை மட்டுமே அது ஏற்கும் என்பதும் அதில்தான் தெரிந்தன. கடைக்காரர் ஒருவர், "எம்.2 தானே சார், எதைப் போட்டாலும் ஓடும்" என்றார். ஓடாது. எம்.2 என்பது வடிவத்தை மட்டுமே குறிக்கும். அதே வடிவத்தில், ஹார்டு டிஸ்க்குகளுக்கான பழைய இணைப்பில் ஓடும் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது. இரண்டு வெட்டு உள்ள சாட்டா பலகை இந்த ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது.

அடுத்தது வேகம். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரையும், பிசிஐஇ 3.0 வகை 3,500 எம்பி வரையும், 4.0 வகை 7,000 எம்பி வரையும் படிக்கும் என்று அட்டைப்பெட்டிகள் சொல்கின்றன. 4.0 வகையை என் ஸ்லாட்டில் போட்டால் 3.0 வேகத்தில்தான் ஓடும் என்பதால் அதை உடனே ஒதுக்கிவிட்டேன். அதைவிட முக்கியமானது, இந்த எண்கள் கேம் திறக்கும் நேரத்தில் அதே விகிதத்தில் தெரிவதில்லை என்பது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் இடையே பெரும்பாலான கேம்களில் சில விநாடிதான் வேறுபடும். படித்த தரவைச் சுருக்கம் விரித்து அடுக்கும் வேலை சிபியுவிடம் இருப்பதே காரணம். ஜிடிஏ ஆன்லைன் பல ஆண்டுகளாக நிமிடக்கணக்கில் திறந்ததற்கு, சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு கோப்பை நிரல் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்ததே முக்கியக் காரணம் என்று 2021-இல் ஒரு நிரலாளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே ராக்ஸ்டார் நிறுவனம் அதைச் சரிசெய்தது. அதற்கு எந்த எஸ்எஸ்டியும் மருந்தாகியிருக்காது. வேகமான எஸ்எஸ்டியை முழுமையாகப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்ஸ்டோரேஜ் நுட்பம், கணினி கேம்களில் 2023 ஜனவரியில் ஃபோர்ஸ்போக்கன் என்ற கேம் மூலம்தான் தலைகாட்டியது.

ஆகவே வேகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க இருந்த பணத்தைக் கொள்ளளவுக்குத் திருப்பினேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி கேட்கும் காலத்தில் 256 ஜிபி வாங்குவது வீண். 1 டிபி என்று போட்டிருப்பதும் விண்டோஸில் 931 ஜிபியாகத்தான் தெரியும். டிரேம் என்ற தற்காலிக நினைவகம் தனியாக இல்லாத, ஆனால் லேப்டாப்பின் ரேமில் சிறு பகுதியைக் கடன் வாங்கிக்கொள்ளும், சிப்பின் ஒவ்வொரு செல்லிலும் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை ஒன்றை எடுத்தேன். செல்லுக்கு நான்கு பிட் வைக்கும், விலை குறைந்த க்யூஎல்சி கேம் படிக்கப் போதும். பெரிய கேமை நிறுவும்போது, எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் கேஷ் பகுதி நிரம்பியதும் எழுதும் வேகம் விழுந்துவிடும் என்பதால் அது வேண்டாம் என்று தோன்றியது. சிப்புகள் ஒரு பக்கம் மட்டும் உள்ள பலகையா என்றும் பார்த்துக்கொண்டேன், ஏனெனில் மெலிந்த லேப்டாப்பில் அடிப்பக்கச் சிப்புக்கு இடம் இருக்காது.

பொருத்துவது எளிது. பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பலகையைச் சாய்வாகச் செருகினால் மறுமுனை தூக்கிக்கொண்டே நிற்கும். அதை விரலால் அழுத்திப் பிடித்து ஒரு குட்டித் திருகை முடுக்க வேண்டும். அந்தத் திருகு சில லேப்டாப்களில் வருவதே இல்லை, தனியாக வாங்க வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைப் போட்டிருப்பவர்கள் மீட்பு எண்ணை முன்பே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸைப் புதிதாக நிறுவும் வரை ஹார்டு டிஸ்க்கின் இணைப்பையும் எடுத்து வைத்திருந்தேன். இல்லையென்றால் விண்டோஸைத் தொடக்கும் பூட் கோப்புகள் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். பிறகு கேம் வாங்கும் செயலியான ஸ்டீமின் ஸ்டோரேஜ் பகுதியிலிருந்து கேம்களை நகர்த்தினேன், மறுபடி இறக்கவில்லை.

நிமிடத்துக்கு மேல் இழுத்த விட்சர் 3 இப்போது தேநீரை ஒரு வாய் குடிப்பதற்குள் திறக்கிறது. எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்குத் திரையில் வரும் காட்சிகளின் எண்ணிக்கை, ஏறவில்லை; ஏறும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. குதிரையில் விரையும்போது ஊர்ப்புறத்தில் ஏற்பட்ட திணறல் மட்டும் குறைந்திருக்கிறது. சைபர்பங்க் 2077 போன்றவை 2023-லிருந்து குறைந்தபட்சத் தேவையாகவே எஸ்எஸ்டியைக் கேட்பதால், புதிய கேம்களெல்லாம் அதில்தான் நிறுவுகிறேன். பழைய ஹார்டு டிஸ்க்கில் இப்போது படங்களும், எஸ்எஸ்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் திறக்கும் சின்ன கேம்களும் இருக்கின்றன.