தேய்ந்த டிப், ஆடும் ஹீல், உரிந்த தோல்: ஒரு ஜோடியைச் சரிசெய்த வரிசை

ஜோடி இதுதான்: கருப்புத் தோல் பம்ப், அதாவது வாரும் கயிறும் இல்லாத பெண்கள் ஷூ; ஊசி போல் மெலிந்த மூன்று அங்குல ஸ்டிலெட்டோ ஹீல். வலது காலில் அடிநுனி டிப் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு தரையில் டக் டக்கென்று அடிக்கிறது. இடது டிப் பாதிதான் தேய்ந்திருக்கிறது. வலது ஹீலின் பின்புறத் தோல் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து சுருண்டு நிற்கிறது. ஷூவின் சொந்தக்காரர் கண்ணில் முதலில் படுவது எப்போதும் அந்தத் தோல்தான். அதை ஒட்டிவிட்டால் போதும் என்பார். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வேறு. ஒரு கையால் சோலின் இடுப்புப் பகுதியை, அதாவது ஹீலுக்கு முன்னால் குறுகும் நடுப்பகுதியை, இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹீலை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஹீலும் சோலும் சேரும் கோட்டில் மயிரிழை இடைவெளி திறந்து மூடினால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இந்த ஜோடியில் வலது ஹீல் திறந்து மூடியது. ஆகவே முதலில் ஆட்டம், பிறகு டிப், கடைசியில் தோலும் நிறமும். இதைத் தலைகீழாகச் செய்தால் பூசிய நிறமெல்லாம் சுத்தியல் அடியில் வெடித்துவிடும்.

ஹீலின் உடல் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வார்ப்பு. மெல்லிய ஹீலாக இருந்தால் நடுவே ஓர் எஃகுக் குழாய் ஓடும். அது வந்த பிறகுதான் 1950களில் இவ்வளவு ஒல்லியான ஹீல் சாத்தியமானது, அந்த அளவுக்கு இழைத்த மரம் உடைந்துவிடும். மேலே சுற்றி ஒட்டியிருப்பது மெல்லிய தோல் அல்லது ரெக்சின். ஹீலை ஷூவோடு பிடித்திருப்பது பசை என்று பலரும் நினைக்கிறார்கள். பசை துணைக்குத்தான். குதிகால் பதியும் இடத்தில் உள்ளிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு திருகும், அதைச் சுற்றி நான்கைந்து வரி ஆணிகளும் (உடம்பில் வளையம் வளையமாக வரி வெட்டிய ஆணிகள்) தான் பிடிமானம். அதனால்தான் வெளிப்பக்க இடுக்கில் ஃபெவிக்விக் விட்டு அழுத்துவது நிற்பதில்லை. ஒவ்வோர் அடியிலும் ஹீலைப் பின்னுக்கு நெம்பும் விசை வருகிறது. இறுகிய பிறகு அந்தப் பசை நெகிழாது, நொறுங்கும். போதாக்குறைக்குப் பிறகு முறையாக ஒட்ட வருபவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

திறப்பதற்கு முன் இன்னொரு சோதனை. ஷூவை மேசையில் வைத்து, சோலின் இடுப்பைக் கட்டைவிரலால் கீழே அழுத்த வேண்டும். அசையாமல் நின்றால் உள்ளே ஓடும் எஃகுப் பட்டை நலம். கறுக்கென்று சத்தத்தோடு வளைந்தால் பட்டை முறிந்திருக்கிறது. அதை மாற்ற சோலையே பிரிக்க வேண்டும். விலை மலிந்த ஷூவுக்கு அந்தச் செலவு தகாது, நேராகச் சொல்லிவிடலாம்.

உள்ளே காலடியில் ஒட்டியிருக்கும் மெத்தைத் தோலை ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, மழுங்கிய கத்தியால் குதிப் பக்கமிருந்து கிளப்பினோம். முழுதும் உரிக்க வேண்டாம், 8 செ.மீ. தூக்கினால் திருகு தெரியும். சூடு கூடினால் அச்சிட்ட எழுத்து கையோடு வந்துவிடும். இந்த ஷூவில் திருகைத் திருப்பினால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: ஹீலின் பிளாஸ்டிக் துளை அகன்றிருக்கும், அல்லது திருகின் தலை அமரும் உள்ளட்டை மழையில் ஊறிச் செத்திருக்கும். அட்டையில் குத்தூசியை அழுத்தினால் தெரிந்துவிடும். எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அட்டை போய்விட்டது. கெட்டியான பகுதி வரை நைந்ததை எடுத்து, அரால்டைட் (இரண்டு குழாயிலிருந்து கலக்கும் எபாக்சி பசை) தடவி, திருகின் தலைக்கடியில் 15 மி.மீ. அகல இரும்பு வாஷர் கொடுக்க வேண்டும். இங்கே அட்டை நன்றாகவே இருந்தது, துளைதான் அகன்றிருந்தது.

4 மி.மீ. தடிமனுள்ள திருகை எடுத்துவிட்டு அதே நீளத்தில் 5 மி.மீ. தடிமனுள்ளதைப் போட்டோம். நீளத்தில் ஆசைப்படக் கூடாது. ஹீலின் முன்பக்கம் உள்நோக்கி வளைந்து போவதால், நீளத் திருகு அந்த வளைவைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். திருகை ஹீலுக்கு வெளியே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து, அதன் முனைக்கும் வளைவுக்கும் குறைந்தது 5 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே முறுக்க வேண்டும். ஹீலும் சோலும் சேரும் இரு முகங்களிலும் பழைய பசையைச் சுரண்டி, சம அளவு கலந்த அரால்டைட்டை மெல்லியதாகத் தடவி, திருகை இறுக்கி, பழைய ஆணித் துளைகளிலிருந்து சற்றுத் தள்ளிப் புது வரி ஆணி நான்கு அடித்தோம். ஆணியின் சாய்வு ஹீலின் சுவரை ஒட்டியே போக வேண்டும். நேர் குத்தாக அடித்தால் பின்புறம் பிதுங்கும். வழுவழுப்பான சாதா ஆணி சில வாரத்தில் மேலே ஏறி குதிகாலைக் குத்தும். பிறகு பழைய சைக்கிள் டியூபை அரை அங்குல நாடாவாக வெட்டி, ஷூவையும் ஹீலையும் சேர்த்து இழுத்துக் கட்டி ஓர் இரவு விட்டோம்.

பிதுங்கிய பசையைத் துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவர் எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதிலுள்ள அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைக்கும், தோலின் நிறத்தையும் எடுத்துவிடும். இறுகுவதற்கு முன் ஈரத்துணியே போதும்.

அடுத்து டிப். பாலியூரித்தேன் டிப்பின் நடுவே ஓர் இரும்பு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஹீலின் குழாய்க்குள் இறுக்கமாக இறங்கி நிற்கும். ஊசியின் தடிமன் பெரும்பாலும் 2.5 முதல் 3.2 மி.மீ. வரை. சென்னையில் பெரியமேட்டில் ஷூ உதிரிப் பொருள் கடைகளில் கேட்கலாம். போகும்போது பழைய டிப்பையோ ஷூவையோ கையில் கொண்டுபோக வேண்டும், கண்ணளவில் வாங்கினால் பொருந்தாது. டிப்பின் முகம் ஹீலின் அடியைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கட்டும், பிறகு செதுக்கிக்கொள்ளலாம். சிறிதாக இருந்தால் ஹீலின் ஓரம் தரையில் உரசித் தோல் மறுபடி உரியும்.

இடது பக்கம் சுலபம்: குறட்டால் டிப்பைக் கவ்வி, இப்படியும் அப்படியும் திருகி இழுத்தால் ஊசியோடு வந்துவிட்டது. வலது பக்கம் கவ்வ ஒன்றும் மிச்சமில்லை. இரும்பின் மீதே நடந்து நடந்து குழாயின் வாய் நசுங்கி, ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நசுங்கிய விளிம்பை முக்கோண அரத்தால் அராவி ஊசியின் தலையை ஒரு மி.மீ. வெளியே கொண்டுவந்த பிறகே குறடு பிடித்தது. இந்த நிலைக்குப் போனால் ஹீலின் உயரமும் ஒன்றிரண்டு மி.மீ. குறைந்திருக்கும். வலதில் புது டிப்பை அப்படியே அடித்தால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்காது. இடது ஹீலை அராவிக் குறைப்பதைவிட, வலது பக்கத்துக்குச் சற்றுத் தடித்த டிப் தேடுவதே மேல். டிப்பில் 2 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே மாற்றியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது; இந்த வேலை மொத்தத்திலும் மலிவான பொருள் டிப் ஒன்றுதான்.

ஊசி தளர்வாக இருந்தால் பசையை நம்பக் கூடாது. வெட்டுக் குறட்டால் ஊசியின் உடம்பில் நாலைந்து இடத்தில் லேசாகக் கடித்துவிட்டால் பிசிறு எழும், அது குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். தடித்த ஊசியை மட்டும் வலுவாக இறக்காதீர்கள். குழாய் விரிந்து பிளாஸ்டிக் நெடுக்காகப் பிளந்தால் ஹீலே போயிற்று. அராவி ஒல்லியாக்க வேண்டும். அடிக்கும்போது ஷூவின் உட்புறக் குதி மூன்றுகால் இரும்பின் (ஷூவை மாட்டி அடிக்கும் பட்டறைக் கருவி) மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கைத் தரையில் ஊன்றி அடித்தால் அடியெல்லாம் நேற்று இறுக்கிய திருகுக்குப் போகும். கடைசியில் ஓரத்தைக் கத்தியால் செதுக்கி 180 எண் உப்புத்தாளில் தேய்த்தால் டிப் ஹீலோடு ஒன்றாகும். லாடம் அடித்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. தேயாதுதான், ஆனால் கிரானைட் தரையில் இத்தனை சிறிய இரும்பின் மேல் நடப்பது சறுக்கு விளையாட்டு.

தோல் உரிவது நடைபாதைக் கற்களின் இடுக்கில் மாட்டி இழுக்கும்போதும், காரோட்டும்போது பின்புறம் தரைவிரிப்பில் உரசும்போதும். சுருண்ட தோலை அரை நிமிடம் டிரையரில் காட்டி நீட்டி, தோலின் உட்புறத்திலும் ஹீலிலும் ஃபெவிகால் எஸ்ஆர் 998 என்ற ரப்பர் பசையைப் பல்குத்தும் குச்சியால் மெல்லியதாகத் தடவினோம். பத்து நிமிடம் ஆறவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் மேலிருந்து கீழாகக் கரண்டியின் முதுகால் அழுத்தி இறக்கினோம். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே அடைபடும் ஆவி கொப்புளமாக எழும். நுனியில் கிழிந்து தொலைந்த துண்டுக்குத் தோல் நிரப்பியைச் சவ்வு போல இரண்டு முறை பூசி, காய்ந்ததும் 400, பிறகு 600 உப்புத்தாள். அதன் மேல் தோலுக்கான அக்ரிலிக் கருப்பு, ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது என்று நான்கு மெல்லிய பூச்சு. மார்க்கர் பேனா வேண்டாம்: வெயிலில் ஊதாவாகத் தெரியும், புடவைக் கரையிலும் ஒட்டும். மேற்பரப்பில் மெல்லிய பஞ்சு போன்ற ஸ்வேட் தோலுக்கு இந்தப் பூச்சு முறை ஒத்துவராது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உரிந்திருந்தால் ஹீலைக் கழற்றி முழுத் தோலும் மாற்றுவதுதான் வேலை.

மெத்தைத் தோலை அதே பசையால் திரும்ப ஒட்டிவிட்டு, ஒரு நாள் கழித்து இரண்டு ஷூவையும் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்திப் பார்த்தோம். டிப்பின் அடி முழுவதும் கண்ணாடியில் பதிய வேண்டும். வலது டிப் பின் விளிம்பில் மட்டும் தொட்டது. அந்த விளிம்பை 180 உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்ததும் பதிந்தது.