தனுஷ்கோடியில் பத்து நிமிடம்

2018 நவம்பர் கடைசியில் தனுஷ்கோடியைப் பற்றிப் பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்றை எடுத்துத் தரும் வேலை எனக்கு வந்தது. மாநில அளவில் ஒளிபரப்பாகும் பொதுத் தொலைக்காட்சிக்காக. டிசம்பர் 22 ஒளிபரப்பு. 1964-இல் அந்த இரவில்தான் புயல் ஊரை வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலும் அன்றுதான் கடலுக்குள் போனது. அதிலிருந்த நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

எழுதிக்கொண்டு போன ஸ்கிரிப்ட் முழுக்கப் புயல்தான். அனுமதிக் கடிதம், அடையாள அட்டை நகல், வண்டி எண் என்று வழக்கமான அலைச்சல். எல்லைப் பகுதி என்பதால் ட்ரோன் யோசனையை நாங்களே விட்டுவிட்டோம். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அதற்கப்புறம் மணலில் வேன்தான். 2017-இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் சாமான்களோடு காரிலேயே போய்விட்டோம்.

முதல் நாள் இடிந்த தேவாலயத்தின் ஓரத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்தோம். சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் வந்து நிற்கும், இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறப் போகிறவர்கள் பெட்டிகளோடு இறங்குவார்கள், சிறுவனாக அதை வேடிக்கை பார்ப்பேன் என்று இருபது நிமிடம் பேசினார். புயலுக்கு மறுநாள் யார் யாரைத் தேடினார் என்பதையும் சொன்னார். இரவு ராமேஸ்வரம் அறையில் போட்டுக் கேட்டால் வாடைக்காற்று அத்தனையையும் விழுங்கியிருந்தது. மைக்கில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தும் பயனில்லை. அப்போதே ஹெட்போனில் ஒழுங்காகக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், என் தவறு. மறுநாள் திரும்பக் கேட்டபோது அவர் நாலு வரியில் முடித்துவிட்டார். அந்தத் துக்கத்தை இன்னொரு முறை கிளறச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு பாட்டியிடம் போனோம். கூரைக் குடிசை, வாசலில் காயும் வலை.

"புயல் கதையா? போன மாசம் காலேஜ் பிள்ளைக வந்து கேட்டுட்டுப் போச்சுக. இருங்க தம்பி, தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்."

கேமராவோடு பின்னால் போனோம். குடிசைக்குச் சற்றுத் தள்ளி மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் இந்த ஊற்றில் நல்ல தண்ணீர்! மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கிறது. ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால் அவர் கொட்டாங்குச்சியால் மேலாக மோந்து, துணி கட்டிய குடத்தில் ஊற்றினார். குழி வற்றியதும் காத்திருந்தார். ஊறியதும் மறுபடி மோந்தார். ஒரு குடம் நிறையக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

காத்திருந்த நேரத்தில்தான் பேசினார். "ரோடு வந்துச்சு, வண்டி வருது. கரண்டு வரல. பேத்திக்கு சோலார் விளக்குல கண்ணு எரியுதுங்குது."

குழிக்குள் மைக்கை இறக்கிப் பிடித்திருந்ததால் அங்கே காற்று இல்லை. அந்த இரண்டு நாளில் சுத்தமாகப் பதிவான ஒரே ஒலி அதுதான். கொட்டாங்குச்சி மணலை உரசும் சத்தமும் அவர் குரலும்.

எடிட்டிங்கில் இதையே தொடக்கமாக வைத்தேன். தயாரிப்பாளர் ஒப்பவில்லை. புயல் நினைவு நாளில் தண்ணீரைக் காட்டுவானேன் என்றார். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அந்த ஊற்று இருப்பதால்தான், வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த இடத்தில் இன்னும் குடிசைகள் நிற்கின்றன, கரைவலை இழுக்க ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அரை நாள் பேசி, ஊற்று முன்னால், புயல் நடுவில், மின்சாரமும் பள்ளிக்கூடமும் கடைசியில் என்று முடிவானது. பெரியவரின் நாலு வரியை அப்படியே வைத்தோம், பின்னணி இசை சேர்க்கவில்லை.

ஜனவரியில் நிகழ்ச்சியைப் போனில் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். பாட்டி வீட்டில் டிவி ஏது? தன் முகம் வந்தபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், ஊற்று வந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார்.

"சத்தத்தைக் கூட்டுங்க தம்பி."

முழுதாகக் கூட்டியும் காற்றில் கேட்கவில்லை. போனை அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.