பச்சைப் போர்வைக்காரர்

2012 ஆகஸ்ட் 16, தென்னாப்பிரிக்காவின் மரிக்கானா. 12,500 ராண்ட் சம்பளம் கேட்டு நின்ற பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதைப் பற்றி ரெஹாத் தேசாய் எடுத்த 'மைனர்ஸ் ஷாட் டவுன்' ஆவணப்படத்தில், தோளில் பச்சைப் போர்வையோடு முன்னால் நின்று பேசுகிறாரே தொழிலாளர் தலைவர் நோகி, அவர் முகம் கண்ணை விட்டு அகலவே இல்லை. அவரும் அன்றே பிணமானார்.

அப்பா நிறவெறியை எதிர்த்தவர் என்பதால் அந்நிய நாட்டில் வளர்ந்த ரெஹாத், 1990க்குப் பிறகு ஊர் திரும்பினார். நிறவெறி ஒழிந்ததே போதும் என்று இருந்துவிடவில்லை. விடுதலை வாங்கித் தந்த கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆட்சியையே கேள்வி கேட்டார். எனக்கு அதுதான் பெரிது, இந்தப் படத்துக்கு 2015இல் கிடைத்த சர்வதேச எம்மி விருதெல்லாம் அப்புறம். 2018இல் மாணவர்களின் கட்டணப் போராட்டத்தையும் படமாக்கினார்.

கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் பார்க்க வேண்டிய படம் 'மைனர்ஸ் ஷாட் டவுன்'. சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் போடுகிறோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.