பழுதுபார்ப்புச் செலவு ஏன் இவ்வளவு?

வாஷிங் மெஷினில் டிரம் சுழலத் தாங்கிப்பிடிக்கும் ஒரு சின்ன பேரிங் தேய்ந்துபோகும். அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் இப்போது வரும் பல மெஷின்களில் டிரம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் இருப்பது அந்தத் தொட்டியில்தான், அதனால் தொட்டியோடு டிரம்மையும் சேர்த்து மொத்தமாக வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் போர்டிலும் இதே கதைதான். கெட்டுப்போனது கெப்பாசிட்டர், ரிலே மாதிரி ஒரு சின்ன பாகம், பில் வருவது முழு போர்டுக்கு. அந்தப் போர்டின் மேல் ரெசின் என்ற இறுகிப்போகும் பிசினை ஊற்றி மூடியிருந்தால், கைதேர்ந்த மெக்கானிக்கால்கூட பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான்.

மெக்கானிக்கின் கூலியைக் குறை சொல்லவே மாட்டேன். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான மெஷின்கள் ஒரே வரிசையில் தயாராகின்றன. பழுதுபார்ப்பவரோ வீடு தேடி வந்து, கோளாறைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். உதிரிபாகங்களையும் வருடக்கணக்கில் கிடங்கில் வைத்துக் காக்க வேண்டும், அந்தச் செலவும் விலையில் ஏறிவிடும்.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரிபாகங்கள், அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகள் வரை கிடைக்க வேண்டும் என்று விதி. பிரான்சில் அதே ஆண்டு, சில பொருட்களை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று 10-க்கு மதிப்பெண் போட்டு விலைக்குப் பக்கத்திலேயே காட்டச் சொன்னார்கள். வாங்கும்போதே அது தெரிந்தால், பிரிக்க முடியாத மெஷினை யார் வாங்குவார்கள்?