மாமாவின் ஆரஞ்சுப் பெடலுக்கு மறுபடி ஒன்பது வோல்ட்

கோபியில் மாமா வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பாவுக்குள் கிடந்தது பாஸ் கம்பெனியின் இந்த டிஎஸ்-1. மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்த காலத்தில், பாரியூர் திருவிழா முதல் கல்யாண வீடுகள் வரை அவர் காலடியில் இருந்த டிஸ்டார்ஷன் பெடல், அதாவது காலால் மிதித்தால் கிட்டார் ஒலியை முரட்டுக் குரலாக மாற்றும் பெட்டி. 1978-இல் முதலில் வந்த மாடல் இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனால் இது பழைய ஜப்பான் தயாரிப்பு.

"பேட்டரில போட்டா கொஞ்சமாச்சும் பாடுது கண்ணு, அடாப்டர்ல போட்டா மொனகுது" என்றார் மாமா. எப்படியும் அதைப் பாட வைத்துவிட வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடித்தட்டின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றியதும் காரணம் ஒன்று கண்ணில் பட்டது. எப்போதோ மறந்து விட்ட பேட்டரி கசிந்து, கிளிப்பும் ஒயர் நுனியும் பச்சை பூத்திருந்தன. கிளிப்பை மாற்றினேன். இன்புட் ஜாக்கின் தகடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். இந்த ஜாக்கை அலட்சியமாக விடக் கூடாது. அது ஸ்டீரியோ ஜாக். கிட்டார் ஒயரைச் செருகும்போதுதான் பேட்டரியின் மைனஸ், போர்டின் பொது மைனஸான கிரவுண்டோடு சேரும். அங்கே அழுக்கு இருந்தால் ஒயர் ஆடும்போதெல்லாம் கரகரக்கும். துடைத்த பிறகு கரகரப்பு போய்விட்டது.

சத்தம் மட்டும் சரியில்லை. தந்தியை மீட்டினால் எழுந்து, பாதியிலேயே அறுந்தது போல நின்றது. எனக்கு ஒலியைப் பெருக்கும் ஐசி சிப் மேல்தான் பயம். பழைய டிஎஸ்-1-இல் இருப்பது டோஷிபா டிஏ7136, ஒரே வரிசையில் ஏழு கால். 1994-இல் பாஸ் வேறு ஐசிக்கு மாறிவிட்டது, இதற்கு மாற்று தேடுவது கஷ்டம். அதைத் தொடுவதற்கு முன் வோல்டேஜ் பார்த்தேன். ஐசி நடுநிலையில் நின்று வேலை செய்ய, ஒன்பது வோல்ட்டில் பாதி, அதாவது 4.5 வோல்ட் பயஸாக வர வேண்டும். வந்தது 2.8. அந்தப் புள்ளியில் உட்கார்ந்திருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கியதும் மீட்டர் 4.5-க்கு ஏறியது. அப்பாடா, ஐசி தப்பித்தது! கெப்பாசிட்டர்தான் வயதாகி உள்ளேயே கரண்டை ஒழுகவிட்டிருக்கிறது. ஈரோட்டில் அதே மதிப்பில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கி வந்து, பிளஸ் மைனஸ் பார்த்துச் சால்டர் வைத்தேன். பேட்டரியில் அந்த முரட்டுக் குரல் முழுதாகத் திரும்பி வந்தது.

அப்புறம் என் ஒன்பது வோல்ட் அடாப்டரைச் செருகினேன். சிவப்பு விளக்கு மங்கல், சத்தமும் ஒல்லி. மீட்டரோ சுத்தமாக 9.2 காட்டியது. இரண்டு ராத்திரி இதிலேயே போனது.

எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெடலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கருப்புக் கம்பிய எங்க வெச்சுப் பாத்த?"

"அடாப்டர் சாக்கெட்லதானுங்கய்யா."

"அதெடுத்து கிட்டார் ஜாக் கிரவுண்டுல வெய்யி சாமி."

வைத்தேன். 6.3 வோல்ட்!

சாக்கெட்டின் மைனஸுக்கும் போர்டின் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரும் டையோடும் இருந்தன. சாக்கெட் பக்கத்து லேபிளில் 'ஏசிஏ' என்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்தக் காலத்து ஏசிஏ அடாப்டர் 12 வோல்ட், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. அதிக வோல்டேஜை இறக்கத்தான் அந்த இரண்டும். இன்றைய பிஎஸ்ஏ வகை அடாப்டர் கொடுப்பதே ஒன்பதுதான். அதையும் இறக்கினால் விளக்கு மங்காமல் என்ன செய்யும்? பழுதே இல்லாத ஒன்றைத்தான் பழுதென்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரிபார்க்க, அதே அடாப்டரிலிருந்து பிரித்து இன்னொரு புதுப் பெடலுக்கும் கரண்ட் கொடுத்து, இரண்டையும் சின்ன பேட்ச் ஒயரால் இணைத்தேன். பழைய பெடலின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. புதுப் பெடலின் கிரவுண்டு பேட்ச் ஒயரின் வெளிவலை வழியாக இதற்கும் வந்து, அந்த ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. எனக்கு இந்தப் பெடலில் மிகவும் பிடித்துப்போன விஷயம் இதுதான்.

எந்தப் பாகத்தையும் பிடுங்க மனசு வரவில்லை. போர்டின் பின்பக்கம் அந்த இரண்டையும் தாண்டி ஒரு துண்டு ஒயரைப் பாலமாகச் சால்டர் வைத்தேன், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். இனி இதில் பழைய 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் நேராக போர்டுக்குப் போய்விடும். அதனால் சாக்கெட் மேல் '9 வோல்ட் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதே பெடல் வைத்திருப்பவர்கள் ஒயர் வைத்தால் இந்தச் சீட்டையும் மறக்காமல் ஒட்டிவிடுங்கள்.

இப்போது அடாப்டரில் 9.1 வோல்ட், பயஸ் 4.5. டோன் குமிழைத் திருப்பும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் உரசுகிறது. காண்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதற்குள் இன்னொரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும்.