க்ரீம் ஊற்றாத க்ரீம் சூப்

ஜூன் குளிர் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பாதி வீடுகளில் ராத்திரிக்கு பட்டர்நட் சூப்தான். கடலோர நகரமான டர்பன்காரர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊரில் பல் தந்தியடிக்கும். பட்டர்நட் தெரியாதவர்களுக்கு: மஞ்சள் பூசணியின் சொந்தக்காரன், விதையெல்லாம் அடிவயிற்றில், கழுத்து முழுக்கச் சதை. அதனால் கழுத்து தடித்து நீண்டதாகப் பார்த்து எடுங்கள்.

இதற்கு ஏன் எல்லாரும் டப்பா டப்பாவாக க்ரீம் ஊற்றுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. காயைத் தண்ணீரில் வேகவைத்து நீர்க்க விட்டுவிட்டு அப்புறம் க்ரீமால் ஒப்பேற்றுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். ஒரு கிலோ காயை நெடுக்காகப் பிளந்து, விதையை வழித்து, எண்ணெய் தடவி, விதைக்குழியில் தோலோடு நாலு பல் பூண்டை வைத்து அப்படியே தட்டில் கவிழ்த்து, ஓவனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் விடுங்கள். பூண்டு கருகாமல் உள்ளேயே வெந்து, அழுத்தினால் பசை மாதிரி பிதுங்கி வரும். காயின் ஓரம் பழுப்பேறி ஒரு தித்திப்பு வரும் பாருங்கள், அது வேகவைத்தால் வராது.

சட்டியில் வெண்ணெய், வெங்காயம், இஞ்சி, சின்ன உருளைக்கிழங்கு ஒன்று, கொத்தமல்லித் தண்டு, இரண்டு கொத்து தைம் என்கிற வாசனை இலை. தண்ணீர் மூன்று கப்புக்கு மேல் வேண்டாம். கிழங்கு வெந்ததும் தைம் காம்பை எடுத்துவிட்டு, வழித்த காயையும் பூண்டையும் போட்டு அரைக்க வேண்டியதுதான். மிக்ஸியில் என்றால் கொஞ்சம் ஆறவிட்டு, பாதி ஜாருக்கு மேல் நிரப்பாதீர்கள், சூட்டு ஆவி மூடியைத் தூக்கி அடித்துவிடும்.

2023-இல் கரண்ட் போய்ப்போய் வந்த நாட்களில் ஓவனும் இல்லை, மிக்ஸியும் இல்லை. கேஸ் அடுப்பில் வாணலியில் வதக்கி வேகவைத்து, கீரை மத்தால் கடைந்தோம். அந்தக் கொரகொரப்பு எனக்கு இன்னும் பிடிக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் ஆகாது.

இலை விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. தைம் மாதிரி முரட்டு இலைகள் முதலிலேயே போய்க் கொதிக்கலாம், எண்ணெயில் வாசத்தை இறக்கும். கொத்தமல்லியையும் பார்ஸ்லியையும் கொதிக்கவிட்டால் பச்சை நிறமும் போய் வாசமும் போய் வெறும் தழைதான் மிஞ்சும்; அடுப்பை அணைத்தபின் கிள்ளிப் போடுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தலைமுறை தலைமுறையாக இங்கே நேட்டாலில் இருக்கும் குடும்பம், தாளிக்காத எதையும் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். கொல்லையிலிருந்து கறிவேப்பிலை உருவி வந்து, கடுகும் காய்ந்த மிளகாயும் பொரித்து சூப்பின் தலையில் சொய்ங் என்று கொட்டுவார். முதலில் இது என்ன ரசமா என்று நினைத்தேன், இப்போது எங்கள் வீட்டிலும் அதேதான்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் களி மாதிரி இறுகிக்கொள்ளும், வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் விடுவதில்லை, அப்படியே சூடாக்கி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வேன்.